பூஜ்ஜியம் காட்டிய வடிவம்

கார்பன் டை ஆக்சைடிலும் மூன்று அணுக்கள், தண்ணீரிலும் மூன்று அணுக்கள். இரண்டிலும் நடுவே ஓர் அணு நிற்கிறது. அதன் இருபுறமும் ஒரே வகை அணுக்கள் இரண்டு. எடை போட்டால் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு தண்ணீர் மூலக்கூறைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம். கனமானது திரவமாகத் தங்கும், லேசானது பறந்துவிடும் என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். தண்ணீரைக் கொதிக்கவைக்க 100 டிகிரி செல்சியஸ் வேண்டும். உறைந்த கார்பன் டை ஆக்சைடோ மைனஸ் 78.5 டிகிரியிலேயே, நடுவில் திரவமாகக்கூட ஆகாமல், புகையாகக் கிளம்பிவிடுகிறது.

இரண்டிலும் ஆக்சிஜன் இருக்கிறது. இரண்டிலும் அது பக்கத்து அணுவின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அப்படியிருந்தும் தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு நேர்முனையும் ஓர் எதிர்முனையும் உண்டு, கார்பன் டை ஆக்சைடுக்கு இல்லை. தண்ணீர் மூலக்கூறுகள் முனைக்கு முனை பற்றிக்கொள்கின்றன. கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளுக்கு அப்படிப் பற்றிக்கொள்ள வலுவான பிடி இல்லை. ஆக, இழுக்கும் அணு எது என்பது மட்டும் தெரிந்தால் போதாது. எந்தத் திசையில் இழுக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

முதலில் இழுப்பைப் பார்ப்போம். இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இரட்டையைப் பங்கிட்டுக்கொள்வதைச் சகப்பிணைப்பு என்கிறோம். இரண்டும் ஒரே தனிமத்தின் அணுக்களாக இருந்தால் பங்கு சரிபாதி. வெவ்வேறாக இருந்தால் ஒன்றின் பக்கம் எலக்ட்ரான் மேகம் கொஞ்சம் கூடுதலாகச் சாயும். எந்தத் தனிமம் எவ்வளவு இழுக்கும் என்பதற்கு 1932இல் ஓர் அளவுகோல் வகுத்தவர் அமெரிக்க வேதியியலர் லைனஸ் பாலிங். அவர் எலக்ட்ரான்களை நேரடியாக அளக்கவில்லை. பிணைப்புகளை உடைக்கத் தேவைப்படும் ஆற்றலிலிருந்து தொடங்கினார். ஹைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்பின் வலிமையும் குளோரின்–குளோரின் பிணைப்பின் வலிமையும் தெரியும். ஹைட்ரஜன்–குளோரின் பிணைப்பு இவ்விரண்டின் சராசரியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் அது சராசரியைவிட வலுவாக இருக்கிறது. ஹைட்ரஜன்–ஃப்ளூரின் பிணைப்பில் அந்த உபரி இன்னும் பல மடங்கு. பங்கீடு எவ்வளவுக்கு எவ்வளவு ஒருதலைப்பட்சமோ அவ்வளவுக்கு அவ்வளவு இந்த உபரி கூடும் என்பதே பாலிங்கின் ஊகம்.

அப்படி உருவான எலக்ட்ரான் கவர்திறன் பட்டியலில் ஃப்ளூரினுக்கு முதலிடம்: 3.98. ஆக்சிஜனுக்கு 3.44, குளோரினுக்கு 3.16, நைட்ரஜனுக்கு 3.04. கார்பன் 2.55இலும் ஹைட்ரஜன் 2.20இலும் நிற்கின்றன. பள்ளிப் பாடநூல்கள் இந்தப் பட்டியலைக் கொடுத்து, இரண்டு எண்களைக் கழித்து வித்தியாசம் பார்க்கச் சொல்லும். பிணைப்பு முனைவுள்ளதா என்பதை அந்தக் கழித்தல் ஓரளவு சொல்லிவிடும். மூலக்கூறு முனைவுள்ளதா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது. மாணவர்கள் பெரும்பாலும் இடறுவது இந்த இடத்தில்தான். இடறுவதற்கு அவர்களைக் குறைசொல்லவும் முடியாது, பட்டியல் அவ்வளவு கச்சிதமாக இருக்கிறது.

மூலக்கூறின் முனைவை அளக்க வழிகாட்டியவர் பீட்டர் டிபை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 1884இல் பிறந்தவர். சூரிச் பல்கலைக்கழகத்தில் ஐன்ஸ்டைன் விட்டுச்சென்ற பேராசிரியர் பதவிக்கு 1911இல் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே, சில மூலக்கூறுகளுக்குள் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் நிரந்தரமாகவே விலகி நிற்கின்றன என்ற கருத்தை வெளியிட்டார்.

அதைச் சோதிக்கத் தேவையானது ஒரு மின்தேக்கி. இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே ஒரு வாயுவை நிரப்பினால் தகடுகள் சேமிக்கும் மின்னூட்டம் கொஞ்சம் கூடும். கூடுவதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, எந்த மூலக்கூறிலும் மின்புலம் எலக்ட்ரான் மேகத்தைச் சற்று இழுத்து உருக்குலைக்கும். இது வெப்பநிலையைப் பொருட்படுத்தாது. மற்றொன்று, நிரந்தர முனைகள் கொண்ட மூலக்கூறுகள் மின்புலத்தின் திசைக்குத் திரும்பப் பார்க்கும். ஆனால் வெப்பம் அவற்றை ஓயாமல் உருட்டிக்கொண்டே இருக்கும். சூடு ஏற ஏற ஒழுங்கு குலையும். ஆகவே வாயுவைச் சூடாக்கிப் பார்த்து, ஒரு மூலக்கூறுக்குரிய பங்களிப்பு குறைகிறதா, அப்படியே இருக்கிறதா என்று கவனித்தால் போதும். குறைந்தால் நிரந்தர முனை உண்டு, இல்லையென்றால் இல்லை. எளிமையான யோசனைதான், ஆனால் அளவிட வேண்டிய விளைவு மிக நுண்ணியது. மீட்டருக்குப் பத்து லட்சம் வோல்ட் என்ற கடுமையான மின்புலத்தில்கூட, அறை வெப்பநிலையில் ஒரு தண்ணீர் மூலக்கூறைத் திருப்பும் ஆற்றல், அதை உருட்டும் வெப்ப ஆற்றலில் அறுநூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

இந்த அளவீட்டில் கிடைக்கும் எண்ணுக்கு இருமுனைத் திருப்புத்திறன் என்று பெயர்: விலகி நிற்கும் மின்னூட்டத்தை விலகிய தூரத்தால் பெருக்கினால் வருவது. அதன் அலகுக்கு டிபையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டத்தையும் அதற்குச் சமமான நேர் மின்னூட்டத்தையும் ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு தள்ளி வைத்தால் 4.8 டிபை. ஹைட்ரஜன் குளோரைடில் குளோரின் அந்த எலக்ட்ரானை முழுதாகப் பறித்திருந்தால் 6.1 டிபை வந்திருக்க வேண்டும். அளந்தால் வருவது 1.08. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 'குளோரின் எதிர் மின்னூட்டம், ஹைட்ரஜன் நேர் மின்னூட்டம்' என்று கரும்பலகையில் எழுதும்போது இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பறிமுதல் அல்ல, சற்றே சாய்வு.

தண்ணீர் ஆவிக்கு 1.85 டிபை கிடைத்தது. கார்பன் டை ஆக்சைடுக்குப் பூஜ்ஜியம்.

இந்தப் பூஜ்ஜியம் வெறும் 'இல்லை' அல்ல. ஃபார்மால்டிஹைடில் ஒரே ஒரு கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. அதன் திருப்புத்திறன் 2.33 டிபை. அப்படிப்பட்ட பிணைப்புகள் இரண்டு சேர்ந்த இடத்தில் பூஜ்ஜியம் வருகிறது என்றால், இரண்டும் ஒன்றையொன்று துல்லியமாக அழித்துக்கொள்கின்றன என்று பொருள். அதற்கு ஒரே வழி, இரண்டும் நேர் எதிர்த்திசையில் இருப்பது. மூலக்கூறு ஒரு நேர்க்கோடு. கோணம் 180 பாகை. தண்ணீருக்குப் பூஜ்ஜியம் வராததால் அது நேர்க்கோடாக இருக்க முடியாது. தேரின் முன்பக்கம் இரண்டு வடங்களைப் பிடித்துச் சற்று விலகி நடப்பவர்கள் தேரை இரண்டுக்கும் நடுவே உள்ள திசையில் நகர்த்துவார்கள். ஒரு வடம் முன்னாலும் மற்றது பின்னாலும் இருந்து, இரு பக்கமும் சமபலத்தில் இழுத்தால் தேர் நிலையிலேயே நிற்கும். தண்ணீர் முதல் வகை. அதன் கோணம் 104.5 பாகை. ஒவ்வோர் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புக்கும் ஏறத்தாழ 1.5 டிபை என்று கொண்டு, இந்தக் கோணத்தில் இரண்டையும் வெக்டர்களாகக் கூட்டினால் 1.85 வந்து நிற்கும்.

மூலக்கூறுகளின் உள்ளமைப்பைப் பார்க்க இன்றுள்ள கருவிகள் இல்லாத காலத்தில், ஒரு மின்தேக்கியும் வெப்பமானியும் கொண்டு மூலக்கூறு நேரா வளைவா என்று சொல்ல முடிந்தது. 1936ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு டிபைக்குக் கிடைத்தபோது, இருமுனைத் திருப்புத்திறன் வழியாக மூலக்கூறு அமைப்பை அறிந்ததும் அதற்கான காரணங்களுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. முனைவைக் கணிக்க வடிவத்தைப் பார் என்று இப்போது கற்றுக்கொடுக்கிறோம். வரலாற்றில் நடந்தது பெரும்பாலும் தலைகீழ்: முனைவை அளந்து வடிவத்தைக் கண்டார்கள்.

தண்ணீர் ஏன் வளைகிறது என்ற விளக்கம் பிறகு வந்தது. நடு அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்கி, முடிந்தவரை தள்ளி நிற்கப் பார்க்கும் என்ற கருத்தை 1940இல் சிட்ஜ்விக்கும் பவலும் முன்வைத்தார்கள்; 1957இல் கில்லெஸ்பியும் நைஹோமும் அதை முழுமையான கோட்பாடாக்கினார்கள். ஆக்சிஜனைச் சுற்றி நான்கு இரட்டைகள். இரண்டு ஹைட்ரஜனோடு பிணைந்தவை, இரண்டு யாரோடும் சேராமல் தனித்து நிற்பவை. அந்தத் தனி இரட்டைகள் இடத்தை அடைத்துக்கொள்வதால் ஹைட்ரஜன்கள் ஒரு பக்கமாக ஒதுங்குகின்றன. கார்பன் டை ஆக்சைடின் கார்பனிடம் தனி இரட்டை ஒன்றுமில்லை. ஒதுங்க வேண்டிய அவசியமும் இல்லை.

நேர்க்கோட்டில் இரண்டு பிணைப்புகள் அழிந்துபோவது கண்ணுக்குத் தெரிகிற விஷயம். நான்கு பிணைப்புகள் அழிவதுதான் அழகு. கார்பன் டெட்ராகுளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கார்பன், நான்முகியின் நான்கு மூலைகளில் நான்கு குளோரின்கள். கார்பனின் பிணைப்புகள் இப்படி நான்முகியாக விரிகின்றன என்பதை 1874லேயே வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு குளோரினை நேர் மேலே நிறுத்துங்கள். மற்ற மூன்றும் கீழ்நோக்கிச் சாய்ந்து முக்காலிபோல் விரியும். மேலே உள்ள பிணைப்புக்கும் கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் இடையே 109.5 பாகை. இந்தக் கோணத்தின் கொசைன் சரியாக மைனஸ் மூன்றில் ஒன்று. அதாவது கீழே உள்ள ஒவ்வொரு பிணைப்பும் தன் இழுப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கீழ்நோக்கிச் செலுத்துகிறது. பக்கவாட்டுப் பங்குகள் தங்களுக்குள் அழிந்துபோகின்றன. மூன்று முறை மூன்றில் ஒன்று, ஒன்று. மேலே ஒன்று, கீழே ஒன்று, மிச்சம் பூஜ்ஜியம். நான்முகியின் கோணம் அரைப் பாகை பிசகினாலும் கணக்கு உதைக்கும்.

இப்போது ஒரு குளோரினை எடுத்துவிட்டு ஹைட்ரஜனை வைத்தால் குளோரோஃபார்ம். சமநிலை குலைந்து 1.04 டிபை வருகிறது. இரண்டை மாற்றினால் டைகுளோரோமீத்தேன், 1.60. மூன்றை மாற்றினால் மீத்தைல் குளோரைடு, ஏறத்தாழ 1.9. முனைவுள்ள பிணைப்புகள் குறையக் குறைய மூலக்கூறின் முனைவு கூடுகிறது! பிணைப்புகளை எண்ணி விடை சொல்பவர்களுக்கு இந்த வரிசை ஒரு நல்ல மருந்து.

இங்கே ஓர் எச்சரிக்கை. முனைவு இருந்தால் கொதிநிலை உயரும் என்று இந்த வரிசையில் தேடிப் போகாதீர்கள். முனைவற்ற கார்பன் டெட்ராகுளோரைடு ஏறத்தாழ 77 டிகிரியில் கொதிக்கிறது, முனைவுள்ள குளோரோஃபார்ம் 61 டிகிரியிலேயே. எல்லா மூலக்கூறுகளுக்கும் இடையே உள்ள பொதுவான ஈர்ப்பு, எலக்ட்ரான் எண்ணிக்கை கூடினால் தானும் கூடும். குளோரின் கனத்த அணு. நான்காவது குளோரின் கொண்டுவரும் அந்த ஈர்ப்பு, இழந்த முனைவை ஈடுகட்டிவிடுகிறது. முனைவின் விளைவை மட்டும் தனியே பார்க்க வேண்டுமானால் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, வேறு அடுக்குமுறை என்று ஒரு ஜோடி வேண்டும்.

அப்படி ஒரு ஜோடி டைகுளோரோஎத்திலீன். இரட்டைப் பிணைப்பால் கட்டப்பட்ட இரண்டு கார்பன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குளோரின், ஒரு ஹைட்ரஜன். இரட்டைப் பிணைப்பு சுழல விடாது என்பதால் குளோரின்கள் இரண்டும் ஒரே பக்கம் மாட்டிக்கொள்ளலாம், அல்லது எதிரெதிர்ப் பக்கம். ஒரே பக்கம் இருப்பது சிஸ், திருப்புத்திறன் 1.90 டிபை, கொதிநிலை 60 டிகிரி. எதிரெதிரே இருப்பது ட்ரான்ஸ். திருப்புத்திறன் பூஜ்ஜியம், கொதிநிலை 48 டிகிரி. எடை ஒன்று, அணுக்கள் ஒன்று, பிணைப்புகளும் ஒன்று. அந்தப் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் பெரும்பாலும் வடிவம் கொடுத்த முனைவின் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

சிஸ், ட்ரான்ஸ் என்றதும் புற்றுநோய் மருத்துவத்தோடு பழக்கமுள்ளவர்களுக்கு சிஸ்பிளாட்டின் நினைவுக்கு வரும். நடுவில் பிளாட்டினம், சதுரத்தின் மூலைகளில் இரண்டு குளோரின்கள், இரண்டு அம்மோனியாக்கள். ஒத்தவை அடுத்தடுத்த மூலைகளில் இருந்தால் சிஸ், முனைவுள்ளது. எதிர்மூலைகளில் இருந்தால் ட்ரான்ஸ், இழுப்புகள் அழிந்துபோகும். சிஸ் வடிவத்தை மிக்கேலே பெய்ரோனே 1840களிலேயே தயாரித்துவிட்டார். ஒரே சேர்மான விகிதம் கொண்ட இரண்டு பொருள்கள் எப்படி வேறுபடுகின்றன என்பதை ஆல்ஃபிரட் வெர்னர் 1893இல் சதுர வடிவத்தைக் கொண்டு விளக்கினார். 1965இல் பார்னெட் ரோசன்பர்க், பாக்டீரியாக்களின் பெருக்கம் நின்றுபோவதைக் கவனித்து, பிளாட்டினம் மின்முனையிலிருந்து கரைந்த சேர்மங்களே காரணம் என்று கண்டார். 1978இல் அமெரிக்காவில் சிஸ்பிளாட்டினுக்கு மருந்தாக அனுமதி கிடைத்தது. தண்ணீரில் சிஸ் வடிவம் ட்ரான்ஸைவிடப் பல மடங்கு கரைகிறது. அது முனைவின் வேலை. ஆனால் புற்றணுக்களைக் கொல்வதை முனைவின் கணக்கில் சேர்க்கக் கூடாது. குளோரின்கள் கழன்ற இரண்டு அடுத்தடுத்த இடங்களைக் கொண்டு டிஎன்ஏவின் பக்கத்துப் பக்கத்து அலகுகளைப் பிடித்துக்கொள்வதால் அது மருந்தாகிறது. இரண்டுக்கும் பொதுவான வேர், வடிவம்.

டிபையின் முறை கையில் கிடைத்ததும் வேதியியலர்கள் ஆவலோடு பாய்ந்த இடம் பென்சீன். ஆறு கார்பன்களின் வளையம். அது தட்டையான, சீரான அறுகோணம்தானா? ஒரு குளோரின் மாட்டிய பென்சீனுக்கு 1.69 டிபை. இரண்டு குளோரின்களை மூன்று விதமாக மாட்டலாம். அடுத்தடுத்து இருந்தால் ஆர்த்தோ, ஒன்று விட்டு ஒன்று இருந்தால் மெட்டா, நேர் எதிரே இருந்தால் பாரா. அறுகோணம் சீரானது என்றால் மெட்டாவில் கோணம் 120 பாகை; வெக்டர் கூட்டல் மறுபடி 1.69 என்கிறது, அளவீடு 1.72. பாராவில் பூஜ்ஜியம் வர வேண்டும், பூஜ்ஜியமே வந்தது. ஆர்த்தோவுக்குக் கணக்கு 2.9 என்கிறது, அளவீடு 2.5தான். பக்கத்தில் பக்கத்தில் நெருக்கியடித்து நிற்கும் இரண்டு குளோரின்கள் ஒன்றின் எலக்ட்ரான் மேகத்தை மற்றது பாதிப்பதால் இந்தக் குறைவு. வளையம் நெளிந்தோ மடிந்தோ இருந்தால் இவ்வளவு ஒழுங்காக எண்கள் அமைந்திருக்காது. பாராடைகுளோரோபென்சீனை நீங்கள் பார்த்திருக்கவும் கூடும். சிலவகை அந்துருண்டைகளும் கழிவறை வாசனைக் கட்டிகளும் அதனால் ஆனவை.

குளோரினுக்குப் பதில் பாரா நிலையில் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளை மாட்டினால் ஹைட்ரோகுவினோன். எதிரெதிரே இருப்பதால் இதற்கும் பூஜ்ஜியம் என்று சொல்லத் தோன்றும். வராது. ஆக்சிஜனில் தொங்கும் ஹைட்ரஜன், தண்ணீரில் இருப்பதுபோலவே, கோணமாகத் திரும்பி நிற்கிறது. இரண்டு ஹைட்ரஜன்களும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும் மூலக்கூறுகளில் இழுப்பு அழிவதில்லை.

போரான் ட்ரைஃப்ளூரைடில் கவர்திறன் வித்தியாசம் ஏறத்தாழ 2. இந்த அத்தியாயத்தில் வரும் பிணைப்புகளிலேயே மிகக் கடுமையான இழுப்பு. தட்டையான முக்கோணம் என்பதால் மொத்தம் பூஜ்ஜியம். சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடில் ஆறு ஃப்ளூரின்கள் எண்முகியின் மூலைகளில் இருந்து இழுக்கின்றன, மொத்தம் பூஜ்ஜியம். இவை போகட்டும். நைட்ரஜனிடம் வருவோம்.

அம்மோனியாவில் நைட்ரஜனோடு மூன்று ஹைட்ரஜன்கள்; நைட்ரஜன் ட்ரைஃப்ளூரைடில் மூன்று ஃப்ளூரின்கள். இரண்டும் கூம்பு வடிவம், உச்சியில் நைட்ரஜன், அதன் தலைக்கு மேல் ஒரு தனி எலக்ட்ரான் இரட்டை. கவர்திறன் வித்தியாசம் அம்மோனியாவில் 0.84, மற்றதில் 0.94. வடிவமும் ஒன்று, வித்தியாசமும் ஏறத்தாழ ஒன்று. ஆகவே முனைவும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும், ஃப்ளூரின் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம். அளந்தால் அம்மோனியாவுக்கு 1.47 டிபை, நைட்ரஜன் ட்ரைஃப்ளூரைடுக்கு 0.23. காரணம் அந்தத் தனி இரட்டை. அதுவும் மேல்நோக்கிய ஓர் எதிர் மின்னூட்டக் குவியல்தான். அம்மோனியாவில் நைட்ரஜன் எலக்ட்ரான்களை மேலே இழுக்கிறது, தனி இரட்டையும் மேலே, இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. மற்றதில் ஃப்ளூரின்கள் கீழே இழுக்கின்றன, தனி இரட்டை மேலே நிற்கிறது. ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கிறது. பிணைப்புகளுக்கு மட்டும் அம்புக்குறி போட்டுத் தனி இரட்டையை மறந்துவிட்டால் இந்த விடையை எட்டவே முடியாது.

தனி இரட்டையின் கைவரிசை இத்தோடு நிற்பதில்லை. பாஸ்ஃபீனில் பாஸ்பரஸின் கவர்திறன் 2.19, ஹைட்ரஜனின் கவர்திறன் 2.20. வித்தியாசம் என்று ஒன்றுமே இல்லை. ஆனாலும் பாஸ்ஃபீனுக்கு அரை டிபைக்குச் சற்று மேல் திருப்புத்திறன் உண்டு. ஓசோனில் மூன்றும் ஆக்சிஜனே. யாரும் யாரையும்விட வலியவர் இல்லை. வளைந்த வடிவத்தில் நடு அணுவின் நிலையும் ஓர அணுக்களின் நிலையும் வேறு என்பதால் 0.53 டிபை வருகிறது. ஒரே தனிமத்தால் ஆன மூலக்கூறு முனைவற்றது என்று சூத்திரம்போல் மனப்பாடம் செய்தவர்கள் ஓசோனைக் கண்டால் தெருவைத் தாண்டிப் போய்விடுவார்கள். தனி இரட்டை இருந்தாலே முனைவு உண்டு என்றும் சொல்லிவிட முடியாது. செனான் டெட்ராஃப்ளூரைடில் இரண்டு தனி இரட்டைகள். ஒன்று சதுரத்துக்கு மேலே, மற்றது கீழே. மொத்தம் பூஜ்ஜியம்.

எல்லாவற்றிலும் விசித்திரம் கார்பன் மோனாக்சைடு. ஆக்சிஜனுக்கும் கார்பனுக்கும் கவர்திறன் வித்தியாசம் 0.89. இரண்டே அணுக்கள், அழிந்துபோக எதிர்ப்பக்கம் யாருமில்லை. நல்ல பெரிய எண் வர வேண்டிய இடத்தில் வருவது 0.11 டிபை. அதைவிட வியப்பு, அந்தச் சொற்பத்திலும் எதிர்முனை கார்பன் பக்கம் இருக்கிறது. பிணைப்புக்கு ஆக்சிஜன் தன் எலக்ட்ரான்களில் கூடுதலாக ஒரு பங்கைக் கொடுத்திருக்கிறது. கார்பனின் தனி இரட்டை வேறு வெளிப்புறமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆக்சிஜன் இழுத்ததெல்லாம் இவ்விரண்டிலும் போய்விடுகிறது. பாலிங்கின் பட்டியலை வைத்து மட்டும் விடை சொல்பவர் இங்கே முனைகளையே மாற்றிச் சொல்வார்.

இதுவரை மூலக்கூறுகளை அசையாத சிலைகளாகவே பார்த்தோம். அவை அசைகின்றன, ஓயாமல். கார்பன் டை ஆக்சைடின் நேர்க்கோடு கணம்தோறும் வில்லாக வளைந்து நிமிர்கிறது. வளையும் கணத்தில் இழுப்புகள் நேர் எதிராக இல்லை, பூஜ்ஜியம் உடைகிறது. அடுத்த கணம் எதிர்ப்பக்கம் வளைகிறது, முனைகளும் இடம் மாறுகின்றன. இப்படி ஆடும் மின்னூட்டம் அதே வேகத்தில் ஆடும் அகச்சிவப்புக் கதிரைப் பிடித்து விழுங்க வல்லது. அந்த அலைநீளம் ஏறத்தாழ 15 மைக்ரோமீட்டர். பூமி விண்வெளிக்கு அனுப்பும் வெப்பக் கதிர்கள் செழிப்பாக இருக்கும் பகுதியும் அதுதான். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன். இரண்டும் ஒரே வகை அணு இரண்டு கொண்டவை. எப்படி நீண்டு சுருங்கினாலும் அவற்றில் முனை தோன்றாது, வெப்பக் கதிர் தடையின்றிக் கடந்துவிடும். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜான் டிண்டல் 1859இல் வாயுக்களின் வழியே வெப்பக் கதிரைச் செலுத்தி இந்த வேறுபாட்டைக் கண்டார். அவருக்கு இருமுனைகளைப் பற்றி எதுவும் தெரியாது. பத்தாயிரத்தில் நான்கு பங்கே உள்ள ஒரு வாயு பூமியின் வெப்பத்தைப் பாதிப்பதும், நூற்றில் 99 பங்கு உள்ள இரண்டு வாயுக்கள் பாதிக்காததும் இதனால்தான். பிணைப்புகளில் இழுப்பு இருக்கிறது. வடிவம் அதை மறைத்து வைத்திருக்கிறது. அசைவு மறைப்பை விலக்குகிறது.

கார்பன் டை ஆக்சைடிலும் ஓர் அசைவு மட்டும் அகச்சிவப்புக்குச் சிக்காது. இரண்டு ஆக்சிஜன்களும் ஒரே நேரத்தில் வெளியே போய் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் இழுப்புகள் எப்போதும் சமம். பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவே இருக்கும். அந்த அசைவைக் காண, 1928இல் கொல்கத்தாவில் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்ட ஒளிச்சிதறல் வேண்டும். ராமன் விளைவுக்கு முனை தேவையில்லை, எலக்ட்ரான் மேகம் எவ்வளவு எளிதில் உருக்குலைகிறது என்பது அசைவில் மாறினால் போதும். நைட்ரஜனும் ஆக்சிஜனும்கூட அதில் தப்புவதில்லை.

வீட்டுச் சமையலறையில் முனைவின் வேலையைக் காண மைக்ரோவேவ் அடுப்பு போதும். அதன் மின்புலம் ஒரு நொடிக்கு 245 கோடி முறை ஊசலாடுகிறது. தண்ணீர் மூலக்கூறுகள் அதன் பின்னால் திரும்பித் திரும்பி, அண்டை மூலக்கூறுகளோடு முட்டி மோதிச் சூட்டைக் கிளப்புகின்றன. பனிக்கட்டியில் அவை படிகத்தில் கட்டுண்டு கிடப்பதால் சுலபமாகத் திரும்ப முடியாது. உறைந்த உணவின் ஓரம் கொதிக்கும்போது நடுப்பகுதி பனியாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தலையில் தேய்த்த சீப்பைக் குழாய்த் தண்ணீருக்கு அருகே கொண்டுபோய், தாரை வளைவதைக் காட்டி, 'பாருங்கள், தண்ணீர் முனைவுள்ளது' என்று சொல்லும் பள்ளிச் சோதனையைப் பற்றி மட்டும் ஒரு முறையீடு. சீரான மின்புலம் ஓர் இருமுனையைத் திருப்புமே தவிர நகர்த்தாது. ஒரு முனையை இழுக்கும் அதே பலத்தில் மறுமுனையைத் தள்ளும். தாரை அவ்வளவு தாராளமாக வளைவதற்கு முக்கியக் காரணம், சீப்பின் அருகாமையால் தண்ணீரிலேயே ஒரு மின்னூட்டம் தூண்டப்பட்டுச் சேர்ந்துவிடுவது. போதிய அளவு மின்னேற்றினால் முனைவற்ற திரவத்தின் தாரையும் வளைவதுண்டு. சோதனை அருமையானது, செய்யுங்கள். முடிவை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள்.

முனையில்லாமை சில இடங்களில் பெரிய தொல்லை. பிரபஞ்சத்தில் மிக அதிகமாக உள்ள மூலக்கூறு ஹைட்ரஜன். விண்மீன்கள் பிறக்கும் மேகங்கள் பெரும்பாலும் அதனால் ஆனவை. இரண்டு ஒத்த அணுக்கள், பூஜ்ஜிய முனை. சுழலும்போது ரேடியோ அலையை வீசுவதற்கு அதனிடம் ஆடும் மின்னூட்டம் இல்லை. மைனஸ் 260 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த அந்த மேகங்களில் ஹைட்ரஜன் கிட்டத்தட்ட கண்ணுக்குப் புலப்படாமல் கிடக்கிறது. 1970இல் ராபர்ட் வில்சன், கீத் ஜெஃபர்ட்ஸ், ஆர்னோ பென்சியாஸ் மூவரும் அமெரிக்காவின் கிட் பீக் தொலைநோக்கியில் ஓரியன் நெபுலாவை நோக்கி, 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் ஒரு வலுவான ஒலிபரப்பைப் பிடித்தார்கள். சுழலும் கார்பன் மோனாக்சைடு. அதன் 0.11 டிபை அற்பமானதுதான். அற்பமாக இருப்பதே அங்கே வசதியாகிவிட்டது: முனை சிறியது என்பதால் அது தன் ஆற்றலை மெதுவாகவே வீசுகிறது, ஆகவே மெலிந்த மேகத்தில் எப்போதோ நேரும் மோதல்களே அதைத் தொடர்ந்து சுழலவைக்கப் போதும். ஹைட்ரஜன் எங்கே திரண்டிருக்கிறதோ அங்கே கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கும். பால்வெளி மண்டலத்தின் மூலக்கூறு மேகங்களை வானியலாளர்கள் இன்றும் பெரும்பாலும் அந்த 2.6 மில்லிமீட்டர் அலையைப் பின்தொடர்ந்தே வரைபடமாக்குகிறார்கள்.